கறள், கம்பி, கத்தி: இரும்பு பற்றிய வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரும்பைப் பற்றியும் அதன் உறவு உலோகங்களைப் பற்றியுமே இருந்தன. எட்டுக் கடிதங்களுக்குப் பதில் தருகிறோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட. விறாந்தைத் தட்டின் அடிப்பக்கம் சீமெந்து பொருமிக் கழன்று கம்பி தெரிந்தது. மேசன் கம்பியை உரஞ்சித் துடைத்துப் பூசிவிட்டார். ஒன்றரை வருடத்தில் பூசிய இடம் அப்படியே நிற்க, அதற்குப் பக்கத்தில் வெடிக்கிறது. ஏன்? — வாசகர், குருநகர்

நல்ல கொங்கிறீற்றுக்குள் கம்பி கறள் பிடிக்காது. சீமெந்தின் காரத்தன்மை பி.எச். 12.5க்கு மேல் இருப்பதால் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகி அதைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடும். கழுவாத கடல் மணல், உவர்க் கிணற்று நீர், வருடக்கணக்கில் ஊறும் கடற்காற்று என்று குளோரைட்டு வர வழிகள் பல. கறள் தான் உண்டான இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். கொங்கிறீற்று இழுவிசை தாங்காது, வெடிக்கிறது.

பக்கத்தில் வெடிப்பதற்குக் காரணம் வேறு. ஒரு கம்பியில் ஓரிடம் கரையும்போது அந்த இடம் மின்கலத்தின் அனோட்டாகி (கரைந்துபோகும் முனையாகி), இருபக்கமும் உள்ள கம்பியைக் கரையவிடாமல் காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் அந்த இடத்துக்குப் புதிய, உப்பில்லாத சாந்து பூசினீர்கள். அது பாதுகாப்பாகிவிட்டது. ஆனால் பக்கத்துக் கொங்கிறீற்றில் உப்பு அப்படியே இருக்கிறது, காத்து நின்ற அனோட்டு மட்டும் போய்விட்டது. எனவே அடுத்த பலவீனமான இடம் அனோட்டாகிறது. மேசன் பூசியதில் பிழை இல்லை, வெட்டிய அளவில்தான் பிழை.

செய்யவேண்டியது இது. முதலில் தட்டுக்கு முட்டுக் கொடுங்கள். கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும்படி 20 – 25 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டுங்கள். கம்பி வழியே போய், கறள் இல்லாத கம்பி 5 சென்ரிமீற்றராவது தெரியும்வரை நிறுத்தாதீர்கள். கம்பித் தூரிகையால் உரஞ்சுவது மட்டும் போதாது. கறள் குழிகளுக்குள் உப்பு நிற்கும். மணல் அடித்துச் சுத்தமாக்குவது நல்லது, முடியாவிட்டால் நல்ல தண்ணீரை அழுத்தத்தோடு அடித்துக் கழுவி உலரவிட்டு, மறுநாள் காலை பாருங்கள். கம்பியில் கருமையான ஈரப் புள்ளிகள் வியர்த்தமாதிரித் தெரிந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, திரும்பக் கழுவவேண்டும்.

கம்பியின் விட்டத்தை அளந்து பாருங்கள். 12 மில்லிமீற்றர்க் கம்பி 10.5க்கு வந்திருந்தால் பார்வைக்குச் சிறிய இழப்பு, ஆனால் குறுக்குவெட்டில் ஏறத்தாழ 23 சதவீதம் போய்விட்டது. அந்த நிலையில் பக்கத்தில் புதிய கம்பி வைத்து, இருபுறமும் 600 மில்லிமீற்றர் மேற்பொருந்தக் கட்டவேண்டும். பிறகு நாகம் மிகுந்த பூச்சு. அதன்மேல் 1க்கு 3 சீமெந்து, கழுவிய ஆற்றுமணல், எஸ்.பி.ஆர். லேற்றெக்ஸ் (ஒட்டும் தன்மை தரும் செயற்கை இறப்பர்ப் பால்) கலந்த சாந்து, ஒரு தடவைக்கு 25 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல். ஏழு நாள் ஈரச்சாக்கு. வெட்டிய இடத்தின் ஓரங்களில், பழைய கொங்கிறீற்றை ஒட்டி, கம்பியோடு கட்டும் சிறிய நாக அனோட்டுகளை வைத்தால் பக்கத்தில் வெடிக்கும் தொல்லை வெகுவாகக் குறையும். தட்டைத் தாங்கும் வளையைத் தொடும் வேலையானால் பொறியியலாளர் ஒருவர் பார்க்காமல் வெட்டத் தொடங்கவேண்டாம்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒரு சோதனை. ஒரு பிடி மணலை பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரில் இரண்டு துளி சில்வர் நைத்திரேற்றுக் கரைசல் விடுங்கள். தயிர்போல வெண்மையாகத் திரண்டால் அந்த மணலைக் கம்பி வேலைக்கு எடுக்காதீர்கள். கிணற்று நீரில் கரைத்துச் சோதிப்பதில் பயனில்லை, எங்கள் கிணறுகளிலேயே குளோரைட்டு இருக்கிறது.

எவர்சில்வர் கேற் போட்டு எட்டு மாதம். கபிலப் புள்ளிகள் விழுகின்றன. 304 என்று சொல்லித் தந்தார்கள். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே அசல்தானே? — வாசகி, பருத்தித்துறை

காந்தம் ஒட்டாதது அசலுக்குச் சாட்சி அல்ல. இரும்போடு 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால்தான் கறள் பிடிக்காத தன்மை வரும். 304, 202 போன்றவை எவர்சில்வர் வகைகளின் எண்கள். 304இல் குரோமியம் 18 சதவீதமளவில், நிக்கல் 8 சதவீதமளவில். நிக்கல் விலை கூடியது. அதனால் 202 என்ற வகையில் நிக்கலைப் பாதியாக்கி 7.5 – 10 சதவீதம் மங்கனீசு சேர்ப்பார்கள். நிக்கலும் மங்கனீசும் இரண்டுமே இரும்பின் அணு அடுக்கைக் காந்தம் ஈர்க்காத வடிவில் நிறுத்திவைக்கும். ஆகவே இரண்டிலும் காந்தம் ஒட்டாது. நிக்கல் இல்லாத 430ஐ மட்டுமே காந்தத்தால் பிடிக்கலாம். மறுபக்கம், அசல் 304கூட வளைத்த மூலையில் கொஞ்சம் ஒட்டும்.

202ஐக் கண்டுபிடிக்க, சோதனைத் திரவம் ஒரு துளி விட்டு 9 வோல்ற் பற்றறியை வைப்பார்கள். மங்கனீசு மிகுந்திருந்தால் சில விநாடிகளில் துளி சிவக்கும். பெரிய தொகைக்கு வாங்குமுன் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இனி உங்கள் புள்ளிகள். எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். வெல்டிங் ஒட்டுகளை ஒட்டி நீலமும் கபிலமுமாக வளையம் இருந்தால், சூட்டில் குரோமியம் மேலே ஒட்சைட்டாகிப் போய் அடியில் குரோமியம் குறைந்த தோல் நிற்கிறது. அதை அமிலப் பசையால் அகற்றியிருக்கவேண்டும். அந்தப் பசையில் ஐதரோபுளோரிக் அமிலம் இருக்கும், தோலுக்குள் ஊடுருவி எலும்புவரை போகும். வீட்டில் தொடவேண்டாம், வெல்டிங்காரரைக் கூப்பிட்டுச் செய்விக்கவும். பரவலாக நுண்புள்ளிகளாக இருந்தால், பக்கத்தில் சாதாரண இரும்பு வெட்டிய கிறைண்டர் பொறி வந்து ஒட்டியிருக்கலாம், அல்லது சாதாரண இரும்புத் தூரிகையால் உரஞ்சியிருக்கலாம். இதற்கு ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் 100 கிராம் சித்திரிக் அமிலம் கரைத்து, நைலோன் தூரிகையால் பூசி, அரை மணித்தியாலம் உலரவிடாமல் வைத்திருந்து, நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

மழை படாத பக்கம் கூடுதலாகப் பழுதாகியிருக்கும். மழை உப்பைக் கழுவிவிடும், கூரைக்குக் கீழே உப்பு படிந்துகொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை உப்பில்லாத நீரால் கழுவுவதே பெரிய வைத்தியம். குளோரின் கலந்த வெளிற்றும் திரவம் ஒருபோதும் வேண்டாம். கடற்கரை ஒழுங்கையில் புதிதாகப் போடுபவர்கள் மொலிப்டினம் 2 – 3 சதவீதம் சேர்ந்த 316ஐக் கேளுங்கள்.

படகு மோட்டரின் காலில் பூட்டியிருக்கும் நாகக் கட்டி சீக்கிரம் கரைகிறது. பெயின்ற் அடித்தால் நீடிக்குமா? — வாசகர், காரைநகர்

அடிக்கவே வேண்டாம். அந்தக் கட்டி கரைவதற்காகவே பூட்டப்பட்டிருக்கிறது. அது கரையாமல் நின்றால் மோட்டரின் அலுமினியக் கால் கரைகிறது என்று பொருள். பாதி தேய்ந்ததும் மாற்றுங்கள். பூட்டுமுன் ஆணி இறுகும் முகத்தைப் பெயின்ற் இல்லாமல் பளபளவென்று சுரண்டிவிடுங்கள், உலோகம் உலோகத்தைத் தொடாவிட்டால் கட்டி வேலை செய்யாது. மக்னீசியக் கட்டி நன்னீருக்கு உரியது, கடலில் சில கிழமைகளில் தீர்ந்துவிடும்.

எங்கள் செம்மண் சிவப்பாக இருப்பது இரும்பால் என்று படித்தோம். அப்படியானால் ஏன் இங்கே இரும்பு எடுக்கவில்லை? இலங்கையில் இரும்புத்தாது எங்கே இருக்கிறது? புல்மோட்டைக் கருமணலில் இரும்பு எடுக்கமுடியாதா? — உயர்தர மாணவி, சுன்னாகம்

சிவப்பைத் தருவது இரும்பு ஒட்சைட்டு என்பது சரி. ஏமடைட்டு சிவப்பு, கோதைட்டு மஞ்சள். ஆனால் ஏமடைட்டு மிக வலிமையான சாயம். ஒரு மணற்பருக்கையை மெல்லிய தோலாக மூடினாலே பருக்கை முழுவதும் சிவப்பாகத் தெரியும். ஒரு சிட்டிகை செம்மண்ணை வெள்ளைக் கோப்பையில் கழுவிக் கழுவி ஊற்றிப் பாருங்கள். சிவப்பு நீரோடு போகும், அடியில் பெரும்பாலும் வெளிறிய மணல் நிற்கும். நிறத்தை வைத்து அளவைக் கணிக்க முடியாது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

புவியோட்டில் சராசரியாகவே இரும்பு 5 சதவீதம் இருக்கிறது. தாது என்று சொல்ல அது போதாது. தூய ஏமடைட்டில் இரும்பு 70 சதவீதம், மக்னடைட்டில் 72. ஊதுலைக்காரர் (தாதை உருக்கி இரும்பு எடுப்பவர்கள்) இரும்பு 60 சதவீதத்துக்கு மேற்பட்ட தாதுவையே விரும்புகிறார்கள். ஒரு தொன் இரும்புக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல் தாது, 400 – 500 கிலோ கற்கரி (காற்றுப்படாமல் சுட்ட நிலக்கரி), கூடவே சுண்ணாம்புக்கல். அடியிலிருந்து 1000 பாகைக்கு மேல் சூடாக்கிய காற்றை ஊத, கற்கரி எரிந்து காபனோரொட்சைட்டு ஆகி, மேலே ஏறும் வழியில் தாதின் ஒட்சிசனைப் பறிக்கிறது. சுண்ணாம்பு மணற்சத்தோடு கூடிக் கசடாக மிதக்கும். தாது ஏழையானால் உலை உருக்குவது கசடைத்தான், எரிபொருள் அதிலேயே தீர்ந்துவிடும். அந்த உலைக்கு வேண்டிய பொருட்களில் எங்கள் குடாநாட்டில் தாராளமாக இருப்பது சுண்ணாம்புக்கல் ஒன்றுதான்.

ஊதுலையில் இருந்து வருவது 4 சதவீதத்துக்கு மேல் காபன் உள்ள, அடித்தால் உடையும் இரும்பு. அதற்குள் ஒட்சிசனை ஊதிக் காபனைக் குறைத்தால் உருக்கு. ஒரு தொன் உருக்குக்கு ஏறத்தாழ இரண்டு தொன் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் சிலாபம் பக்கம் பனிரெந்தாவவில் மக்னடைட்டு இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலையில் செம்போடு கலந்த மக்னடைட்டை 1971இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஊதுலை எதுவும் இங்கே இயங்கவில்லை. எங்கள் கம்பி ஆலைகள் இறக்குமதி செய்த உருக்குப் பாளங்களிலும் பழைய இரும்பிலும் தங்கியிருக்கின்றன.

பழங்காலம் அப்படியில்லை. சமனலவெவப் பகுதியில் மலைச்சரிவுகளின் மேற்கு முகத்தில் வரிசையாக உலைகள் இருந்தன. தொல்லியலாளர் ஜில் ஜுலெஃப் அவற்றை அகழ்ந்து, அதேபோன்ற உலையைக் கட்டி இயக்கிப் பார்த்து, 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான உலைகள். துருத்தி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று உலையின் முன்சுவர் மேலால் பாயும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, சுவரடிக் குழாய்களால் காற்று தானாக இழுபடும். காபன் கூடிய உருக்கையே அந்த உலைகளால் நேரடியாக எடுக்க முடிந்தது. காற்றை இவ்வளவு நுட்பமாகப் படித்தவர்களை எங்கள் பாடப்புத்தகம் இன்னும் விரிவாகச் சொல்லவேண்டும்.

புல்மோட்டைக் கருமணலையும் கேட்டிருக்கிறீர்கள். அது பெரும்பகுதி இல்மனைட்டு, அதாவது இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்த கனிமம். கணக்குப்படி இரும்பு 37 சதவீதம், தைத்தேனியம் 32 சதவீதம். அதை இரும்புக்காக யாரும் தோண்டுவதில்லை. வெள்ளைப் பெயின்றின் வெண்மையான தைத்தேனியமீரொட்சைட்டுக்காகவே எடுக்கிறார்கள். தைத்தேனியம் உலோகமாக வேண்டுமானால் காபனால் ஒட்சிசனைப் பறிக்க முடியாது, அது காபனோடேயே கூடிவிடும். குளோரைட்டாக்கி, மக்னீசியத்தால் தாழ்த்தவேண்டும். இரும்பு மலிவாகவும் தைத்தேனியம் விலையாகவும் இருப்பதற்கு முதற் காரணம் அதுதான்.

கச்சானில் புதுக்குருத்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டும் மாறவில்லை. — விவசாயி, உரும்பிராய்

இது இரும்புப் பற்றாக்குறையின் முகம். நைதரசன் குறைந்தால் கீழே உள்ள முதிர் இலைதான் முதலில் மஞ்சளாகும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மண்ணில் பி.எச். ஒன்று ஏற, கரையும் பெரிக் இரும்பு (ஒட்சியேறிய வடிவம்) ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கிணற்று நீரின் இருகாபனேற்று நிலைமையை இன்னும் மோசமாக்கும். கூடுதலாகத் தண்ணீர் கட்டினாலும் மஞ்சள் கூடும்.

ஒரு லீற்றர் நீருக்கு 5 கிராம் பெரசு சல்பேற்று, 1 கிராம் சித்திரிக் அமிலம். முதலில் அமிலத்தைக் கரைத்துப் பிறகு பெரசு சல்பேற்றைப் போடுங்கள், இல்லையேல் எங்கள் வன்னீர் அதை உடனே கபிலமாக்கிவிடும். முதலில் நாலு செடிகளின் இலையில் மட்டும் பூசி ஒரு கிழமை பாருங்கள். பூசிய இடம் பச்சையானால் இரும்புக் குறை என்பது நிச்சயம். ஆகாவிட்டால் மங்கனீசு, நாகக் குறைகளைச் சந்தேகிக்கவேண்டும். நிச்சயமானதும் மாலையில் தெளித்து, 10 – 14 நாளில் திரும்பவும் தெளியுங்கள். மண்ணில் பெரசு சல்பேற்றைக் கொட்டுவது வீண்செலவு. மண்ணில் இடுவதென்றால், இரும்பைக் கரைந்தபடி பிடித்துவைக்கும் ஈ.டி.டி.எச்.ஏ. என்ற சேர்வையோடு கூடிய இரும்பு வேண்டும். விலை குறைந்த ஈ.டி.டி.ஏ. வகை காரமண்ணில் இரும்பைக் கைவிட்டுவிடும்.

கிளிநொச்சியில் குழாய்க்கிணறு அடித்தோம். தண்ணீர் வரும்போது தெளிவு, வாளியில் வைத்தால் மஞ்சள், தேநீர் மைபோலக் கறுப்பு. — வாசகர், கொக்குவில்

நிலத்தடியில் ஒட்சிசன் இல்லாததால் இரும்பு பெரசு வடிவில் கரைந்து தெளிவாக நிற்கிறது. காற்றுப் பட்டதும் பெரிக் ஆகி வீழ்படிகிறது. தேயிலையின் துவர்ப்புச் சத்தோடு கூடிக் கறுக்கிறது, பழங்கால மை செய்த முறையும் அதுவே. வாழைக்காய் வெட்டிய கத்தி கறுப்பதும் இதனால்தான். குடிநீரில் இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் சுவையும் கறையும் தெரியத் தொடங்கும்.

நீரை இரண்டு மூன்று துளைத்தட்டுகளின் வழியே சொட்டவிடுங்கள். தட்டுக்குத் தட்டு ஓரடி இடைவெளி, தட்டில் கரித்துண்டு அல்லது சல்லி. பின் சில மணித்தியாலம் தெளியவிட்டு, 60 சென்ரிமீற்றர் மணல் வடியூடாக எடுங்கள். வடி அடைக்கத் தொடங்கியதும் கீழிருந்து மேலாக நீர் விட்டுக் கழுவவேண்டும். நீர் அமிலப்பக்கம் இருந்தால் இரும்பு மெதுவாகவே வீழும், அப்போது தட்டில் சல்லிக்குப் பதில் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் உடைத்துப் போடுங்கள். கறை கபிலமாக இல்லாமல் கருமையாக இருந்தால் அது மங்கனீசு, இந்த முறைக்கு இலகுவில் அடங்காது. நீரைச் சோதிப்பித்தபின் வடியைத் தெரிவு செய்யுங்கள்.

லொறி லீப் ஸ்பிறிங்கில் பாளைக்கத்தி அடிப்பித்தேன். முதற் கத்தியின் வாய் பொரிந்து விழுந்தது, இரண்டாவதன் வாய் மடங்குகிறது. — வாசகர், அளவெட்டி

இரண்டும் ஒரே உருக்கின் இரண்டு தோய்ச்சல் (சிவக்கக் காய்ச்சிச் சடுதியாக ஆற்றுதல்) பிழைகள். லீப் ஸ்பிறிங்கில் காபன் 0.6 சதவீதமளவில் இருக்கும், கத்திக்கு நல்லது. சிவக்கக் காய்ந்த இரும்பின் அணு அடுக்கு மாறி, காபனை உள்ளே வாங்கிக்கொள்ளும். சடுதியாக ஆற்றினால் காபன் வெளியேற நேரமின்றி அகப்பட்டு, அடுக்கு இறுகிக் கண்ணாடிபோலக் கடினமாகிறது. முதற் கத்தி அநேகமாகத் தண்ணீரில் தோய்த்து, பதம் இறக்காமல் (மெல்லத் திரும்பச் சூடாக்கி உடையும் தன்மையைக் குறைக்காமல்) விட்டது. இரண்டாவது, போதிய சூடு ஏறுமுன் தோய்த்தது.

கொல்லருக்குச் சொல்லுங்கள். அடித்து முடிந்ததும் மூன்று தடவை சிவக்கக் காய்ச்சி, காற்றில் ஆறவிடவேண்டும். தோய்ச்சலுக்குக் காய்ச்சும்போது அருகில் கம்பியில் கட்டிய காந்தம் ஒன்றை வைத்து வாயைத் தொட்டுப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் போகும் இடத்திலிருந்து இன்னும் ஒரு சாயல் கூட்டிக் காய்ச்சுங்கள், 830 – 850 பாகை செல்சியஸ் அளவு. பட்டறையின் இருட்டு மூலையில் பார்த்தால் நிறம் ஏமாற்றாது. வெயிலில் பார்த்தால் கட்டாயம் கூடக் காய்ச்சிவிடுவீர்கள். 50 – 60 பாகைக்குச் சூடாக்கிய எண்ணெயில், நுனி முன்னாக நேராக இறக்கவேண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். ஆறியதும் அரம் போட்டுப் பாருங்கள். அரம் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது, கடித்தால் திரும்பக் காய்ச்சவேண்டும்.

பிறகு தாமதியாமல் பதம் இறக்கவேண்டும். ஓரிடத்தைப் பளபளப்பாகத் தேய்த்து முதுகுப் பக்கமிருந்து மெல்லச் சூடாக்க, வெளிர் வைக்கோல் நிறம், கபிலம், ஊதா, நீலம் என்று நிறம் நடந்து வரும். வாய்க்கு வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். நீலம் வந்தால் 300 பாகை, வாய் மெத்தென்றாகிவிட்டது. வீட்டில் மின் அடுப்பு இருந்தால் 200 பாகையில் ஒவ்வொரு மணித்தியாலமாக இரு தடவை வைப்பது இதைவிடச் சீரானது. இன்னுமொன்று: ஓடிய ஸ்பிறிங்கின் நடுப்பகுதியில் களைப்பு வெடிப்புகள் ஒளிந்திருக்கும். அந்தப் பகுதியை எடுக்காமல் நுனிப்பக்கத்தில் வெட்டி எடுங்கள். கட்டடக் கம்பியில் கத்தி அடித்துத் தரச் சொன்னால், காபன் போதாது, எந்த எண்ணெயிலும் தோய்ச்சல் ஏறாது.

செய்முறைக்குக் கரைத்து வைக்கும் பெரசு சல்பேற்று அடுத்த நாளே மஞ்சளாகிறது. — இரசாயனவியல் ஆசிரியை, நல்லூர்

கொதிக்கவைத்து மூடி ஆறவிட்ட காய்ச்சி வடித்த நீரை எடுங்கள், அதில் ஒட்சிசன் குறைவு. முதலில் பத்து மில்லிலீற்றர் ஐதான சல்பூரிக் அமிலம் விட்டு, பிறகு லீற்றருக்கு 27.8 கிராம் வெளிர்பச்சைப் பளிங்கைக் கரைத்தால் 0.1 மூலர்க் கரைசல். பளிங்கில் கபிலப் பொடி படிந்திருந்தால் தவிருங்கள். கழுத்துவரை நிரப்பிய போத்தலில் சுத்தமான, நாகம் பூசாத இரும்பாணி ஒன்றைப் போட்டு மூடிவையுங்கள், உண்டாகும் பெரிக் அயனை ஆணி திரும்பப் பெரசாக்கும். ஆனால் ஆணி கரைவதால் செறிவு சற்று மாறும், நியமிப்புக்கு அந்தப் போத்தலை எடுக்காமல் அன்றே புதிதாகக் கரையுங்கள். தூய்மையைச் சோதிக்க ஒரு துளி தயோசயனேற்று விடுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் பெரிக் இருக்கிறது, இரத்தச் சிவப்பானால் போத்தலை ஊற்றிவிடலாம்.